உரைநடைக் கவிதைக்கு முழுப் பக்கம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் உரைநடைக் கவிதைகளுக்கென்று, அதாவது வரி உடைக்காமல் பாராவாக ஓடும் கவிதைகளுக்கென்று, தனிப் பகுதி ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் பக்கத்தை மூன்றாகப் பிரித்து, குறுகிய பத்திகளில் அவற்றை அடைத்ததில் பாதிக் கவிதை போய்விட்டது. 5 செ.மீ. அகலத்தில் 11 பாயிண்ட் எழுத்து என்றால் வரிக்கு இரண்டு மூன்று தமிழ்ச் சொல்தான் பிடிக்கும். இரு ஓரமும் நேராக நிற்கச் சொன்னால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுகிறது. இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்தால் பார்வைக்குப் புதுக்கவிதை ஆகிவிடுகிறது. எழுதியவர் வேண்டாம் என்று விட்ட வரி முறிவை அச்சகம் போட்டுக் கொடுக்கிறது. 11, 12 செ.மீ. அகலத்தில் ஒரே பத்தி, சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம்: இவ்வளவுதான் தேவை.

இது நம் காலத்துக் கவலையும் அல்ல. பிரெஞ்சில் இவ்வடிவத்தின் முன்னோடியான அலோசியுஸ் பெர்த்ரான், தம் நூலின் பக்கங்களை அமைப்பவருக்கென்றே ஒரு குறிப்பு எழுதிவைத்தார்: பாராக்களுக்கு இடையில், செய்யுள் என்றே எண்ணி, அகலமான வெள்ளை விடவும். நூல் 1842-இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்தது. அதைப் புரட்டிப் புரட்டித்தான் பிரெஞ்சுக் கவிஞர் போதலேருக்குத் தம் 50 உரைநடைக் கவிதைகளுக்கான எண்ணம் பிறந்தது.

அந்தப் பகுதிக்கு நீங்கள் எழுதிய முன்னுரையில் சிலப்பதிகாரத்தை இழுத்திருக்க வேண்டாம். 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்றால் பாட்டுக்கு நடுவே உரை வருகிறது என்று பொருள். உரையே கவிதையாக நிற்கிறது என்றல்ல. நமக்கு மூலவர் பாரதிதான். அவருடைய வசன கவிதையிலிருந்து ஊக்கம் பெற்றுக் கவிஞர் ந. பிச்சமூர்த்தி 1934-இல் 'மணிக்கொடி' இதழில் எழுதத் தொடங்கினார்; 1959-இல் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் வந்தது. அந்த வழியில் வளர்ந்தது வரி உடைத்த கவிதை. பாராவாக ஓடும் கவிதை அப்படியே ஓரங்கட்டப்பட்டது. இப்போது மீள்வது அந்தக் கிளை. பாரதியையே வரி வரியாக உடைத்து அச்சிட்ட பதிப்புகள் இருக்கையில் யாரை நோவது?

எழுதுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. 'மழை பெய்கிறது. ஓடு நனைகிறது. பூனை பார்க்கிறது. கதவு அடித்துக்கொள்கிறது.' நான்கு 'கிறது'. வரி முறிவு இருந்தால் இது ஓரளவு மறையும். பாராவில் தந்தி வாசகம் ஆகிவிடும். உங்கள் இதழில் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த நோய். உடனே வாக்கியத்தைத் தலைகீழாக்கி 'பார்க்கிறது பூனை' என்கிறார்கள். ஒரு தடவை சரி, மூன்றாம் தடவை மேடைக் கவியரங்க வாடை அடிக்கும்.

பாரதியின் வசன கவிதையில் 'காற்று' பகுதி இதை எப்படிச் சமாளிக்கிறது பாருங்கள். 'ஒரு வீட்டு மாடியிலே ஒரு பந்தர். ஓலைப் பந்தர், தென்னோலை.' இதில் வினையே கிடையாது. மாடி, பந்தர், ஓலை என்று கண் நெருங்கிக்கொண்டே போகிறது. அடுத்து, ஏழெட்டு மூங்கிற் கழிகளைக் கயிற்றால் கட்டிய செய்தியை வினையெச்சத்தில் ஓட்டிப் போகும் நீள வாக்கியம். பிறகு கழியில் தொங்கும் மிச்சக் கயிறு. 'ஒரு சாண் கயிறு' என்று அளவும் சொல்லி நிறுத்துகிறார். அந்த ஒரு சாண்தான் கவிதை. 'காற்றில் அலையும் ஏகாந்தம்' என்று எழுதியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? 'இவ்வுலகம் இனியது' பகுதியிலும் இனியது, இனிமையுடைத்து, இனிது, நன்று என்று காலம் காட்டாத குறிப்பு வினைமுற்றுகளே வாக்கியத்தை முடிக்கின்றன. 'கிறது' தலைகாட்ட இடமே இல்லை.

தேர்வு செய்கையில் ஒன்று செய்து பார்க்கலாம். வந்த பிரதியை வரியாக உடைத்துப் படியுங்கள். மேம்பட்டால் அது புதுக்கவிதை, தவறிப்போய் ஒட்டப்பட்டது. உடைத்ததும் மூச்சு அறுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடைசி வாக்கியத்தைக் கையால் மறையுங்கள். பெரும்பாலும் அது தத்துவமாக இருக்கும், எடுத்துவிட்டால் கவிதை நிமிர்ந்து உட்காரும். 250 சொல்லைத் தாண்டினால் கதை தலைதூக்கிவிடுகிறது. அதையும் மீறி நிற்பது அபூர்வம்.

கைபேசியில் தட்டி அனுப்புகிறவர்கள் திரைக்கு அடங்கட்டும் என்று கண்ட இடத்தில் என்டர் போடுகிறார்கள். அது கவிஞர் போட்டதா, கட்டைவிரல் போட்டதா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. படைப்பின் தலையில் 'வரி முறிவு இல்லை. பாரா 3' என்று எழுதி அனுப்பும்படி அறிவிப்பு வெளியிடுங்கள். அடுத்த இதழில் எட்டு கவிதை வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம், அதில் விளம்பரம் இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
கும்பகோணம்