சிவப்பு நூலும் உங்கம்மாவும்

ஜெலுத்தோங், பினாங்கு
நவம்பர் 9

அன்புள்ள ராணி,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ வாட்ஸ்அப்பில் கேட்ட இரண்டு கேள்விக்கும் பூப்படத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டேன். தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். சின்னவளுக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்று. தீபாவளிக்கு இந்த முறை முறுக்கு மட்டும் வீட்டில் சுட்டேன், மற்றதெல்லாம் கடையில்தான். முட்டைக்கண்ணன் இன்னமும் அதே முக்கில்தான் மீ கோரேங் பிரட்டுகிறான். "அந்தச் சிரிப்புக்காரி வரலையா?" என்று கேட்டான். வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது நூல் கதைக்கு வருகிறேன். உன் சிவப்பும் அதில் மாட்டியிருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது, உனக்குத்தான் தெரியுமே. பின்னறைச் சுவரில் ஈரம் ஏறி, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் கம்பளி அலமாரி. ஒரு ஸ்வெட்டர் மாதிரிக்காகச் சாம்பல் நூலை எடுக்கப் போனேன். உருண்டையைத் தூக்கினால் பாதி என் கையில், பாதி தட்டிலேயே கிடக்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு, உடைத்துப் போட்ட சேமியா மாதிரி. தட்டின் மூலையில் பார்த்தேன்: அரைப் பச்சரிசி அளவில், பழுப்பில் கோடு கோடாக, உடம்பெல்லாம் மயிர் முளைத்த ஒரு புழு. நாலைந்து வெறும் தோல் வேறு, உரித்துப் போட்டது. அந்துப்பூச்சி இல்லை. கம்பள வண்டின் குஞ்சு.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை ராணி. 3 அலமாரியையும் காலி செய்து, கூடம் முழுக்கப் பாய் விரித்து, ஒவ்வொரு உருண்டையாக விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பூச்சிக்கு ஆட்டு மயிர், பட்டு, இறகு என்று உயிரிலிருந்து வந்தது வேண்டும். பருத்தியும் அக்ரிலிக்கும் அதற்கு ஆகாரமே இல்லை. அதனால் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மில்க் காட்டன் அத்தனையும் வாங்கின நாள் மாதிரியே பத்திரமாக இருக்கிறது. மெரினோ, அல்பாக்கா என்கிற கம்பளி நூல்தான் போனது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தைக் குடித்துவிட்டு, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஈரச் சுவர் ஓரமாக வைத்தது என் தவறு. இருட்டில், யாரும் கை வைக்காத மூலையில், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

தப்பித்ததையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு வாரம் உறையவிட்டால்தான் முட்டை வரைக்கும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே வைத்துச் சூடு திரும்பினபிறகுதான் திறக்கணும். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் நூலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃப்ரீசரில் இடம் இல்லாததால் ஒரே வாரத்தில் இருந்த மீனையெல்லாம் சமைத்துத் தீர்த்தேன். இவர் நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு ரோத்தி சானாய் தபாவ் பண்ணி, அதான் பார்சல் கட்டி, வந்துவிட்டார்.

எதற்கு இவ்வளவு நூல் சேர்க்கிறாய் என்று நீயே எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன். நான் பின்னி விற்கிறவள் மட்டும் இல்லை, மற்றவர்கள் பார்த்துப் பின்னுகிற பேட்டர்ன் எழுதுகிறவள். ஒரு நூல் எப்படித் தொங்கும், துவைத்தால் எவ்வளவு நீளும், 4 எம்எம் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வருமா 20 வருமா என்பதெல்லாம் கையில் நூல் இருந்தால்தான் தெரியும். திரையில் நிறம் பார்த்து டிசைன் செய்ய முடியாது. ஒரு கண்ணி ஏமாற்றினால், 9 அளவுக்கும் கணக்குத் தப்பும். எங்கோ நார்வேயில் ஒருத்தி மூன்று வாரம் பின்னி, போட்டுப் பார்த்து, கை நுழையாமல் உட்கார்ந்திருப்பாள். அது என் கணக்கு, என் பொறுப்பு. அலமாரியில் இருந்தது என் வேலைச் சாமான்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். போன மாதம் ஒரு கடைவீதிச் சந்தையில் மேசை போட்டேன். ஒரு பை, 9 மணி நேர வேலை, 60 வெள்ளி சொன்னேன். ஒரு பெண் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாசார் மாலம் ராத்திரிச் சந்தையில 25 வெள்ளிதானே, அது மெஷின்ல போட்டது" என்கிறாள். ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது, ஆனால் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷாவைக் கையால்தான் போட்டாக வேண்டும் என்று சொன்னேன். அந்த 25 வெள்ளிப் பையையும் எங்கேயோ ஒரு பெண் உட்கார்ந்து போட்டிருக்கிறாள், அவளுக்கு அதில் எத்தனை காசு போயிருக்கும் என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். வாங்கவில்லை. ஆனால் பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

சரி, உன் சிவப்பு. 2016-இல் நீ மெல்பர்னிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாயே, உன் அண்ணன் கல்யாணத்துக்கு, 11 உருண்டை, எல்லாம் ஒரே டை லாட், ஒரே தடவையில் சாயம் போட்டது. "கடை கார்டிகன்ல என் கைக்கு நீளம் பத்தலை, நீ போட்டுக் குடு" என்று கொடுத்துவிட்டுப் போனாய். நானும் இந்தக் குளிருக்கு, அடுத்த குளிருக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 11-இல் 4 போய்விட்டது. அதே கம்பெனி, அதே நம்பர் சிவப்பு இன்றைக்கும் கிடைக்கும், ஆனால் வேறு தடவை காய்ச்சின சாயம். பக்கத்தில் வைத்தால் சாயம் போன இடம் மாதிரி தெரியும். மிச்சம் 7 உருண்டை, சுமார் 840 மீட்டர். முழுக்கை கார்டிகனுக்குக் காணாது. கையில்லாத, முன்பக்கம் பட்டன் வைத்த ஒன்று தாராளமாக வரும். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பூச்சி கடித்த துண்டையெல்லாம் தூக்கிப் போட மனசு வரவில்லை. உறையவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு முழம், இரண்டு முழமாக இருந்ததை முடிச்சுப் போட்டுச் சுற்றி, உங்கம்மாவிடம் கொண்டுபோனேன். துண்டு நூலென்றால் உங்கம்மாவுக்குத்தான் கொண்டாட்டமாச்சே. தீபாவளிக்கு நாலாம் நாள், படகில் போனேன். 2023-இல் வந்த புதுப் படகு, கார் ஏற்றுவதில்லை, உள்ளே ஏர்கான் நடுக்குகிறது. பழைய படகில் கம்பி ஓரமாக நின்று, கரை சேருவதற்குள் யார் அதிகச் சுற்றுப் போடுவது என்று நாம் போட்டி போட்டது நினைவு வந்தது. குரோஷாவில் அமெரிக்காக்காரன் சிங்கிள் என்கிற கண்ணிதான் நம் டபுள் என்று தெரியாமல் நீ போட்ட குழந்தைத் தொப்பி, உங்கம்மா சோற்றுப்பானைக்குக் கவிழ்த்தார்களே!

ராணி, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

உங்கம்மா நல்லபடிதான் இருக்கிறார்கள். நடை, சாப்பாடு எல்லாம் ஒழுங்கு. என் நூலைப் பார்த்ததும் "வசம்பைத் துணியில கட்டிப் போடாம விட்டியா?" என்று சரியாகக் கேட்டார்கள். முருகன் படத்துக்குக் கீழே விரிக்க வெள்ளையில் வட்டவிரிப்பு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கையில் வாங்கினேன். அது தட்டையாக உட்காரவில்லை. கிண்ணம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த வட்டத்தின் கணக்கு உனக்கும் தெரியும், நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். முதல் சுற்று 12, அடுத்தது 24, 36, 48, சுற்றுக்குப் 12 ஏறினால்தான் படுக்கும். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே, கையைப் பார்க்காமல், அப்பளம் மாதிரி போட்டுத் தள்ளினவர்கள். நான் விரலை வைத்து எண்ணினேன். 48 இருக்க வேண்டிய சுற்றில் 39. அதற்கு மேல் சுற்றில் சில இடத்தில் ஏற்றியிருக்கிறார்கள், சில இடத்தில் ஏற்றவேயில்லை. "நூல் சரியில்ல, இழுக்குது" என்றார்கள்.

கண் பார்வைதான் காரணம் என்று நானும் முதலில் நினைத்தேன். மறுவாரம் தடிப்பான மஞ்சள் பருத்தியும் 5 எம்எம் ஊசியும் கொண்டுபோய், வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொன்னேன். கண்ணி கண்ணியாகத் தெளிவாகத் தெரிகிற நூல். 12 போட்டார்கள், 24 போட்டார்கள். மூன்றாம் சுற்றில் பாதியில் கை நின்றுவிட்டது. ஊசியைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். அப்புறம் நூலை உருவிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று தடவை. நடுவில் படகில் கூட்டமா என்று நாலு தடவை கேட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒரு தடவை கேட்டார்கள், ராணி. என் கல்யாணத்துக்கு மேசைவிரிப்பு போட்டுக் கொடுத்தது அவர்கள். அது இப்போதும் என் வீட்டில் சாமி அலமாரியில் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை, இது இன்னது என்று பேர் வைக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 30 வருடமாக அந்தக் கையைப் பார்க்கிறேன். அந்தக் கை கணக்குத் தப்பாது. உன் அண்ணனிடம் சொன்னேன். "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அண்ணி கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லக் கூடாது, நீ அங்கே தனியாகக் கவலைப்படுவாய் என்று உங்கம்மா என்னிடம் சத்தியம் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நாலு மாதம் எழுதாதவள் இப்போது எழுதுவது இதற்குத்தான்.

செய்ய வேண்டியது இதுதான். நீ உன் அண்ணனிடம் பேசு. நான் பேசினால் வெளியாள் பேச்சு. அவர் சரி என்றால் அழைத்துப்போகிறது, காத்திருக்கிறது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், என் வேலை எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்கிற வேலைதானே. அம்மாவைக் கூப்பிடும்போது சாயங்காலம் கூப்பிடாதே, அந்த நேரத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள். காலையில் கூப்பிடு. என்ன பின்னுகிறீர்கள் என்று கேள். தைப்பூசத்துக்கு லீவு கிடைத்தால் வா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அவர்களையும் மெதுவாக அழைத்துப் போகலாம், படி ஏறாமல் கீழேயே இருக்கலாம்.

உன் கார்டிகனுக்கு நான் உடம்புப் பகுதியை முடித்துவிடுவேன். ஓரக்கரையை அவர்கள் போடட்டும். நேர் கரைக்கு எண்ணிக்கை வேண்டாம், ஏற்ற இறக்கம் இல்லை, ஒரு கண்ணிக்கு ஒரு கண்ணி. நேற்று ஒரு துண்டில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணி பிசகவில்லை, விரல் அப்படியே ஓடியது.

மார்புச் சுற்றளவு, தோள் அகலம், அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் நீளம், மூன்றையும் இன்றைக்கே அளந்து அனுப்பு. ப்ளவுஸ் மேலே வைத்து அளக்காதே, உடம்பின்மேல் அள. அண்ணனிடமும் இன்றைக்கே பேசு.

உன்,
செல்வி