2048-இல் காலாவதியாகப் போவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்டார்க்டிகாவில் கனிமம் எடுப்பதற்கான தடை 2048-இல் தானாகவே காலாவதியாகிவிடும் என்று பலரும் எழுதுவது பிழை. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்து, அந்தத் தடையை விதித்த அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் நெறிமுறைக்கு முடிவுத் தேதி கிடையாது. 2048-க்குப் பிறகு, வாக்குரிமை பெற்ற உறுப்பு நாடு ஒன்று கோரினால் மறுஆய்வு மாநாட்டைக் கூட்டலாம், அவ்வளவுதான். பனிவண்டி இழுத்த நாய்களைக்கூட 1994-க்குள் வெளியேற்றிய கண்டிப்பான ஏற்பாடு அது.

கவலைப்பட வேண்டியது கடலைப் பற்றி. பென்குயின்களும் திமிங்கிலங்களும் நம்பியிருக்கும், சுண்டுவிரல் நீளமே உள்ள கிரில் என்ற இறால் போன்ற உயிரினத்தை ஒரே பகுதியில் குவிந்து பிடிக்காதபடி பிடிப்பளவைப் பிரித்து வைத்திருந்த விதி, 2024-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடிய அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தில் கருத்தொற்றுமை ஏற்படாததால் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. ஒரு நாடு மறுத்தாலும் முடிவெடுக்க இயலாத இதே முறையில்தான் 2016-இல் ராஸ் கடல் காப்பகம் உருவானது என்பதால், முறையை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் கிழக்கு அண்டார்க்டிகா, வெட்டல் கடல் காப்பக முன்மொழிவுகள் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கின்றன. 2024 மே மாதம் கொச்சியில் அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் நடந்தபோது இதழ்கள் காட்டிய ஆர்வத்தை, ஆண்டுதோறும் ஹோபார்ட்டில் நடக்கும் பேச்சுகளிலும் தாங்கள் காட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி