என் சைக்கிளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சேரன்மகாதேவியில் தையல் கடை வைத்திருக்கும் நான், எனக்கென்று ஒரு சைக்கிளை நானே சாமான் சேர்த்துப் பூட்டி உருவாக்கிவிட்டேன் என்ற செய்தி பாதி ஊருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு என் மாமியார் சொல்லிவிட்டார். யார் யார் கூட நின்றார்கள் என்பதை மட்டும் ஊரும் சரி, மாமியாரும் சரி, சரியாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

கடையில் ஒன்றை வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தைத்த துணிகளை மேற்கே வீரவநல்லூர் வரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்று ஆளைப் பின்னால் தள்ளும். போகும்போதுதான் எதிர்காற்று, போகும்போதுதான் கேரியரில் மூட்டை. கியர் சைக்கிள் வாங்கினால் கால்வலி தீரும். ஆனால் கியர் மாறும்போது செயின் இங்கும் அங்கும் நகர்வதால் அதற்கு முழு செயின் கவர் போட முடியாது. சேலை கட்டுகிறவளுக்கு அது ஒத்துவராது. முழுக் கவர் போட்ட லேடீஸ் சைக்கிளோ காற்றில் கல்லாகக் கனக்கிறது. மிதிக்கவும் இலேசாக இருக்க வேண்டும், சேலையும் சிக்கக் கூடாது. அப்படி ஒன்று நான் பார்த்த கடைகளில் இல்லை.

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வழி சொன்னவர், பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு மாமா. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் கணக்குப் போட்டார். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில், 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 5.5 மீட்டர் ஓடும். ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லாக மாற்றினால் 4.5 மீட்டர்தான் ஓடும். "வேகம் குறையும், கால் பிழைக்கும்" என்றார். செயினில் ஒரு அங்குலம் கூட்டினால் போதும், கியரும் வேண்டாம், கவரும் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை கடைகளில் ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்கு நன்றி. அந்தத் தாள் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

மேலப்பாளையத்துப் பழைய இரும்புக்கடை பாய்க்கு அடுத்த நன்றி. நான் ஆசைப்பட்டு எடுத்த பிரேமை அவரே வேண்டாம் என்றார். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் இழுத்துப் பிடித்தார். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. "இது எங்கோ விழுந்த வண்டிம்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வேறொன்றைத் தேடி எடுத்து வந்தார். எடைக்கு விற்கிற சாமானுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

அந்த நல்ல பிரேமிலும் சீட்டுக்குக் கீழே ஒரு மூட்டில் கீறல் இருந்தது. லேத் பட்டறைத் தம்பி ஆர்க் வெல்டிங் வைக்க மறுத்துவிட்டார். மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடுமாம். கேஸ் ஊதி, பித்தளைக் கம்பி வைத்து ஒட்டிக் கொடுத்தார். பெரிய ஃப்ரீவீல் உரசாமல் இருக்க செயின் கவரின் பின்பக்கத்தைத் தட்டி அகலப்படுத்தியதும் அவர்தான். கூலி கேட்டால் சிரிக்கிறார். தம்பி, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சீருடைத் துணியைக் கொடுத்துவிடுங்கள்.

இனி சைக்கிள் கடை அண்ணாச்சி. இவருக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடலையே தொடங்கினேன். தெரியாதவர் கையில் ஸ்பேனரைப் பார்த்தால் தெரிந்தவர் கை சும்மா இருக்காது. "கொடும்மா இங்கே" என்று பிடுங்கி, கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவார்கள். அண்ணாச்சி ஒருமுறை கூடப் பிடுங்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்தார். பெடல் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப் மட்டும் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், இடது பெடலும் அப்படியே என்று வாயால்தான் சொன்னார்.

சக்கரம் கோர்ப்பதுதான் பெரிய வேலை. முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி. ஒவ்வொன்றும் மற்ற மூன்றைத் தாண்டிப் பின்னிப் போக வேண்டும். அதன்பின் கோட்டம் எடுக்க வேண்டும். அண்ணாச்சி ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, ரிம்முக்கு அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். ரிம் எங்கே பிதுங்குகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்க வேண்டும். மறுபடி துடைத்துச் சுற்றினால் கோடு கொஞ்சம் நீளும், வேறிடத்தில் விழும். மேல்நூலையும் அடிநூலையும் சமப்படுத்தித் தையல் விழவைப்பது போலத்தான். ஒன்றை மட்டும் இறுக்கினால் துணி சுருங்கும். இது பிடிபட்டதும் என் கைக்குப் பதற்றம் போய்விட்டது. கடைசியில் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் தட்டிக்கொண்டே போகச் சொன்னார். எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுத்தன. "சரிதான் தங்கச்சி" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் பாராட்டு வாங்கியதாகத் தெரியவில்லை.

முன்னால் மாட்ட நார்ப்பெட்டி முடைந்து கொடுத்த ஆச்சிக்கும் நன்றி. பனைநாரில் அடியை இரட்டையாகப் பின்னியிருக்கிறார். கத்தரிக்கோல் போட்டாலும் துளைக்காது. வீட்டுத் தார்சா முழுவதும் கிரீஸ் கறையாகியும் வாய் திறக்காத என் வீட்டுக்காரருக்கும் ஒரு வரி. "வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்ட ஒரு கடைக்காரருக்கு நன்றி கிடையாது. அவர் கொடுக்க மாட்டேன் என்ற அதே அச்சுக் குண்டும் கோனும் வேறு கடையில் கிடைத்தன. பெட்டியில் லூதியானா முகவரி; நம்மூர் சைக்கிள்களில் பாதிச் சாமான் அங்கிருந்துதான் வருகிறது போலிருக்கிறது.

பணம் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் புதுச் சைக்கிள் விலைக்கு அருகே வந்துவிட்டது. இருந்தும் கன்னடியன் கால்வாய் வயல்களிலிருந்து காற்று அடிக்கும்போது இறங்கித் தள்ளாமல் போகிறேன். சேலை இதுவரை சிக்கவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு சேதி. உங்கள் போக்ஸ் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புதிதாகக் கோர்த்த கம்பி ஓடி ஓடிப் படிந்தபின் ஒருமுறை முறுக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். முறுக்கிவிட்டு நானே கொண்டுவந்து தருகிறேன். அதற்குள் மதினியிடம் சொல்லி அளவு ஜாக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். துணி என்னுடையது.