எட்டாம் வகுப்பின் ஊசல் சோதனை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊசல் சோதனையின் முடிவுகளை வகுப்பறையில் விளக்கப் போகிறார்கள். அவசியம் வாருங்கள். அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நூலில் களிமண் உருண்டையைத் தொங்கவிட்டு, லேசாக ஆட்டி, ஒருமுறை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. இப்படி ஒருமுறை போய்த் திரும்புவதுதான் ஓர் அலைவு. ஓர் அலைவை மட்டும் அளந்தால், ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் சற்றுத் தாமதித்தாலே கணக்கு கெட்டுவிடும். அதனால் 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்து 20ஆல் வகுத்தார்கள். ஊசலின் நீளம் 25 செ.மீ. என்றால் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 1 நொடி, 100 செ.மீ. என்றால் 2 நொடி. நீளம் நான்கு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்குதான். உருண்டையின் எடையைக் கூட்டினால் நேரம் மாறாது.

ஆனால் ஒரு குழுவுக்கு மாறியது. சின்ன உருண்டைக்கு 20 அலைவுகள் 20.5 நொடி, பெரியதற்கு 21.6 நொடி. பிள்ளைகள் பதறிப்போய், இரண்டையும் ஒன்றுபோல் எழுதிவிடலாமா என்று கேட்டார்கள். ஆசிரியர் ஒப்புக்கொள்ளாமல் மறுபடி அளக்கச் சொன்னார். அப்போதும் அதே விடைதான். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி காரணத்தைப் பிடித்துவிட்டாள். அவர்கள் நூலை மட்டும் 25 செ.மீ. என்று அளந்திருக்கிறார்கள். ஊசலின் நீளத்தை உருண்டையின் மையம்வரை அளக்க வேண்டும். சின்னதன் மையம் நூல்முனையிலிருந்து 1 செ.மீ. கீழே, பெரியதன் மையம் 4 செ.மீ. கீழே. எடையோடு சேர்ந்து நீளமும் கூடிவிட்டது! எண்களை அன்றே திருத்தியிருந்தால் இது அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். என்னைக் கேட்டால், இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

கடந்தமுறை சில அட்டவணைகளில் எல்லா எண்களும் பிசகில்லாமல் இருந்தன. வீட்டில் சரிசெய்து கொடுத்தார்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அக்கறையில் செய்ததுதான், புரிகிறது. இந்தமுறை அதை மட்டும் வேண்டாம். அட்டையில் கோடு போட உதவுங்கள், பேசிப் பார்க்கும்போது உட்கார்ந்து கேளுங்கள். எண்கள் அவர்கள் அளந்தபடியே இருக்கட்டும்.

அன்றைக்கு நீங்களும் கேள்வி கேட்கலாம். "எப்படி அளந்தாய்?", "வரைபடத்தில் இந்தப் புள்ளி மட்டும் ஏன் கோட்டிலிருந்து விலகி நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசித்தால் கொஞ்சம் பொறுங்கள், பதிலை எடுத்துக்கொடுக்க வேண்டாம். "தெரியவில்லை, மறுபடி அளக்க வேண்டும்" என்று சொன்னாலும் சரி, அதுவும் நல்ல பதில்தான்.

ஒவ்வொரு குழுவுக்கும் 7 நிமிடம். அப்புறம் நூலும் களிமண்ணும் மேசைமேல் இருக்கும். பிள்ளைகள் சொல்லித்தருவார்கள், நீங்களும் ஓர் ஊசலைக் கட்டி அளந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்