பில்பாட் தெருப் பையன்களுக்கு நன்றி

அன்புள்ள தம்பிகளே,

அமெரிக்காவின் பால்டிமோரில், கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் நீங்கள் ஆடித் திரிந்து ஏறக்குறைய 200 வருடம் ஆகிறது. உங்களோடு சுற்றிய பிரெடரிக் பெய்லி என்ற அடிமைச் சிறுவனை மறந்திருக்க மாட்டீர்கள். பின்னாளில் அடிமை முறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் போராடிய பிரெடரிக் டக்ளஸ் என்று உலகம் அறிந்தது அவனைத்தான்.

எஜமானி சோஃபியா ஆல்ட் அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். படித்துவிட்டால் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று புருஷன் தடுத்துவிட்டார். அப்புறம் வாத்தியார் நீங்கள்தான். கடைக்கு அனுப்பினால் புத்தகத்தோடு ரொட்டியும் எடுத்துவருவான். அந்த வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. வயிறு காய்ந்தது ஏழை வெள்ளைப் பிள்ளைகளான உங்களுக்கு. ரொட்டி உங்களுக்கு, பாடம் அவனுக்கு. சரி, கூலி வாங்கினீர்கள்தான், அதனால் என்ன?

எழுதக் கற்ற கதை இன்னும் வேடிக்கை. கப்பலின் எந்தப் பக்கத்து மரம் என்று தெரிய, தச்சர்கள் பலகைகளில் எழுத்து போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்து எல், எஸ், எஃப், ஏ என நாலே நாலு எழுத்தைப் பழகிக்கொண்டு, "உன் அளவுக்கு நானும் எழுதுவேன்" என்று உங்களைச் சீண்டுவான். நீங்கள் ரோஷத்தில் மற்ற எழுத்துகளையும் எழுதிக் காட்டுவீர்கள். சுவரும் நடைபாதையும் அவனுக்கு நோட்டு, சாக்கட்டி பேனா. ஏமாந்ததற்கும் சேர்த்தே நன்றி.

"21 வயதானால் உங்களுக்கு விடுதலை, நான் மட்டும் ஆயுள் முழுக்க அடிமையா?" என்று கேட்டபோது முகம் வாடி, அவனைத் தேற்றினீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதமே.

வளர்ந்த பின், 1838 செப்டம்பர் 3 அன்று, அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க டக்ளஸ் மாலுமி வேடத்தில் ரயிலேறினார். செலவுக்குக் கைகொடுத்தது, பிறகு அவர் மனைவியான அன்னா மர்ரேயின் சேமிப்பு. அந்த அம்மாவுக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். கையில் இருந்த, சுதந்திர மாலுமி என்று காட்டும் அடையாளத் தாளை ஒரு மாலுமி நண்பர் கொடுத்திருந்தார். அதிலிருந்த அங்க அடையாளம் இவருக்குப் பொருந்தவே இல்லை. நல்லவேளை, கண்டக்டர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பழக்கமான ஜெர்மன் கொல்லர் ஒருவர் மட்டும் இவரையே உற்றுப் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் இதிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

1845இல் தன் முதல் நூலை எழுதியபோது உங்கள் பெயர்களைச் சொல்ல டக்ளஸுக்கு ஆசைதான். அடிமைக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தது வெளியே தெரிந்தால் உங்களுக்குச் சங்கடம் என்று தெருப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் நானும் உறையின் மேல் தெருப் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவனின் வாசகி