பசங்க தனியா சுத்த ஒரு ஏரிக்கரை வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். லீவு விட்டாலே எல்லாரும் கொடைக்கானல் ஏரிக்குத்தான் ஓடுறோம், 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை உருவாக்குன அந்த ஏரிய சுத்தி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ரோடு, பசங்க சைக்கிள்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும்னு பார்த்தா காரு, வேன், குதிரைன்னு அதே ரோட்டுல நெருக்கியடிச்சு வருது, பத்து வயசுப் புள்ளைய எப்படி தனியா அனுப்புறது?

அங்கிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி மன்னவனூர் ஏரி இருக்கு. புல்வெளி சரிஞ்சு அப்படியே தண்ணி வரைக்கும் இறங்கும், பக்கத்துல மத்திய அரசோட ஆட்டுப் பண்ணை, கூட்டமும் கம்மி. இந்த மாதிரி எடத்துலதான் நாலு பசங்க சேர்ந்து தட்டான் பின்னாடி ஓடணும், வழிய அவங்களே கண்டுபிடிச்சு திரும்பி வரணும், நாம கண்ணு படுற தூரத்துல சும்மா உக்காந்திருந்தா போதும். ஆனா தண்ணி விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாதுங்க, பரிசல்ல ஏறுனா லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடணும், பெரியவங்க இல்லாம தண்ணியில இறங்கவே கூடாது. ஆழம் எவ்வளவுன்னு பெரிய எழுத்துல போர்டு வச்சா ரொம்ப உதவியா இருக்கும். கொடைக்கானல்லயும் ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரமாச்சும் ஏரி ரோட்டுல வண்டிகள விடாம பசங்களுக்குக் குடுங்க.

ஒரு வாசகி, திண்டுக்கல்