பச்சைப் பொத்தானை நகர்த்தாதீர்கள்

கைப்பேசி மென்பொருளை வடிவமைப்பவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்டில் ஆன்ட்ராய்டு கைப்பேசி வைத்திருந்த ஏராளமானோர், மணி அடிக்கிறது, எடுக்கத் தெரியவில்லை என்று திகைத்து நின்றார்கள். கூகுளின் ஃபோன் செயலி தானே புதுப்பித்துக்கொண்டு வேறு முகத்தோடு வந்திருந்தது. மேல்நோக்கி இழுத்துப் பழகிய விரல் இப்போது பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருந்தது. தனித்தனிப் பக்கங்களில் இருந்த அண்மை அழைப்புகளும் விருப்பப் பெயர்களும் ஒன்றாகிவிட்டிருந்தன. அவர்கள் எதையும் நிறுவவில்லை, அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை. கைப்பேசிக்குள் எவரோ புகுந்துவிட்டார்கள் என்று அஞ்சியவர்களும் உண்டு.

மாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பையிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டு அழைப்பு துண்டிக்கப்படுவதையும் தானாக எடுக்கப்படுவதையும் தவிர்ப்பதற்காகத்தான் இந்தப் பக்கவாட்டு இழுப்பு என்று கூகுள் தரப்பில் விளக்கினார்கள். நியாயம்தான். இழுக்க வேண்டாம், தட்டினால் போதும் என்று மாற்றிக்கொள்ள அமைப்புகளில் வழியும் வைத்திருந்தார்கள். ஆனால் அமைப்புகளைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர், புதிய திரையையும் ஒரு நாளில் பழகிக்கொண்டிருப்பார். மற்றவர்களில் பலர் கைக்கொண்ட வழி, செயலியின் அப்டேட்டுகளையே நீக்கிவிடுவது. அப்படி நீக்கும்போது பழைய திரையோடு, சரிசெய்யப்பட்ட பழைய பிழைகளும் சேர்ந்து திரும்பி வருகின்றன.

உங்கள் கேமராவைப் பற்றியோ செயற்கை நுண்ணறிவைப் பற்றியோ நான் எழுத வரவில்லை. அவற்றில் விரும்பியதைச் செய்யுங்கள். என் வழக்கு நான்கு செயல்களைப் பற்றியது மட்டும்: வந்த அழைப்பை எடுப்பது, பேசி முடித்து வைப்பது, கருவியை அணைப்பது, ஆபத்தில் உதவிக்கு அழைப்பது. இந்த நான்கையும் மனிதர்கள் யோசித்துச் செய்வதில்லை. கை செய்கிறது. கை கற்றதை மறக்கவைப்பது மூளையை மறக்கவைப்பதைவிடக் கடினம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இன்னும் கடினம்.

உங்கள் துறையிலேயே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். எண் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 நவம்பரில் அமெரிக்காவின் பெல் நிறுவனம் பொத்தான் தொலைபேசியை வாடிக்கையாளர்களிடம் கொண்டுவந்தபோது 1, 2, 3 மேல் வரிசையில் இருந்தன. அந்த அடுக்கு யாரோ ஒருவரின் ரசனையால் வந்ததல்ல. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளர் வழிநடத்திய குழு, எண்களை வட்டமாகவும் இரண்டு வரிசையாகவும் இன்னும் பலவிதமாகவும் அடுக்கி, ஆட்களை உட்காரவைத்து எண்களைச் சுழற்றச் சொல்லாமல் அழுத்தச் சொல்லிப் பார்த்தது. எதில் வேகம் கூடுகிறது, எதில் பிழை குறைகிறது, எது பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொண்டது. நட்சத்திரக் குறியும் (*) வேலிக் குறியும் (#) 1968இல் சேர்ந்தன. பிறகு அந்த அடுக்கே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.161 தரநிலை ஆனது. பார்வையற்றவர்களுக்காக 5இன் மேல் ஒரு சிறு புடைப்பும் வந்தது. கண்ணாடித் திரையில் அந்தப் புடைப்பு போய்விட்டாலும் வரிசை போகவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தொலைபேசிகளில் பொதுவாக 1, 2, 3தான் மேலே இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரில் 7, 8, 9தான் மேலே இருக்கின்றன. ஒரே கருவியில் இரண்டு எதிரெதிர் அடுக்குகள். ஆனாலும் இதனால் தடுமாறியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. எது சிறந்த அடுக்கு என்பதைவிட, அது அங்கேயே இருக்கிறதா என்பதுதான் கைக்கு முக்கியம்.

அணைக்கும் பொத்தானின் கதைக்கு வருவோம். பக்கவாட்டில் ஒரு பொத்தான், அழுத்திப் பிடித்தால் கருவி அணையும். கைப்பேசி பயன்படுத்திய எல்லோரும் அறிந்திருந்த ஒரே பொது விதி என்றுகூட இதைச் சொல்லலாம். 2017இல் வந்த ஐஃபோன் எக்ஸில் முகப்புப் பொத்தான் எடுக்கப்பட்டது. அதன் வேலைகளில் ஒன்றான, சிரி என்ற குரல் உதவியாளரை அழைப்பது பக்கவாட்டுப் பொத்தானுக்குப் போனது. அணைக்க வேண்டுமானால் ஒலிப் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். 2019இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 10 அதே வழியில் போனது; அழுத்திப் பிடித்தால் அதன் குரல் உதவியாளரான பிக்ஸ்பி எழுந்தது. பிறகு வேறு சில ஆன்ட்ராய்டு கருவிகளும் பின்தொடர்ந்தன. அஞ்சலிக் கூட்டத்தில் கைப்பேசியை அணைப்பதற்காகப் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் பெரியவரின் முன்னால், கருவி என்ன கட்டளை வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அணைக்கத் தெரியாமல் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வருபவர்களை எனக்குத் தெரியும்.

உதவி அழைப்பில் நடந்தது இதைவிடக் கனமானது. ஆற்றல் பொத்தானை ஐந்து முறை விரைவாக அழுத்தினால் அவசர எண்ணுக்கு அழைப்பு போகும் வசதி ஆன்ட்ராய்டு 12இல் வந்தது. நல்ல வசதி, உயிர் காக்கக்கூடியது. ஆனால் 2023 ஜூனில் பிரிட்டன் காவல்துறை, தங்கள் 999 எண்ணுக்கு வரும் அழைப்புகள் பெருகியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று வெளிப்படையாகவே சொல்ல நேர்ந்தது. பையில் கிடந்து அழுந்திய பொத்தான்கள் தாமாகவே அழைத்துக்கொண்டிருந்தன. பேச்சில்லாத அழைப்பு என்று அவர்கள் உடனே வைத்துவிட முடியாது. மறுமுனையில் பேச முடியாத நிலையில் ஒருவர் இருக்கலாம் என்றே எண்ணிக் காது கொடுக்க வேண்டும், திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் உண்மையான ஆபத்தில் இருப்பவர் வரிசையில் காத்திருக்கிறார். கருவியில் வசதியை எப்படி அமைப்பது என்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு என்றது கூகுள். வைத்திருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படியொரு வசதி தங்கள் கருவியில் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

இனி வீட்டில் நடந்த ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என் பெரியம்மா கைப்பேசியின் முகப்பில் ஐந்து பேரின் முகங்களை வைத்திருக்கிறார். முகத்தைத் தொட்டால் அழைப்பு போகும். ஒரு காலையில் தொட்டபோது அழைப்பு போகவில்லை. பெயர், எண், குறுஞ்செய்தி, காணொளி, திருத்து என்று ஒரு பக்கம் திறந்தது. இரவோடு இரவாக வந்த அப்டேட்டின் வேலை. அவர் தெரிந்தவரை தட்டிப் பார்த்ததில் அண்ணனின் எண்ணில் பாதி அழிந்துவிட்டது. எனக்கு எப்படியோ அழைப்பு வந்து சேர்ந்தது. இனிமேல்தான் சிக்கல். பழுதான கருவியும் என்னோடு பேசிக்கொண்டிருக்கும் கருவியும் ஒன்றே. நான் சொல்வதைச் செய்ய அவர் திரையைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் ஒலிபெருக்கியைப் போட வேண்டும். ஒலிபெருக்கிப் பொத்தானும் பழைய இடத்தில் இல்லை. என்னிடம் இருந்ததும் அதே நிறுவனத்தின் அதே மாடல்தான். ஆனால் நீங்கள் அப்டேட்டுகளைப் பகுதி பகுதியாக அனுப்புவதால் என் திரை இன்னும் பழையபடியே இருந்தது. கீழே வலது மூலையில் என்று நான் சொல்ல, அங்கே ஒன்றுமே இல்லையே என்று அவர் சொல்ல, இருவரும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரியம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எதை அழுத்தினால் என்ன வரும் என்று அதில் வரிசையாக எழுதிக்கொள்வார். எல்லாம் பென்சிலில். மீண்டும் அழிக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குப் பழகிவிட்டது.

முதியவர்களுக்கு என்று எளிய முறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைச் செய்தவர்களுக்கு நன்றி. ஆனால் அது பெரும்பாலும் முகப்புச் சின்னங்களையும் எழுத்துகளையும் பெரிதாக்குவதோடு நின்றுவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் சில செயலிகளில் கடைசிப் பொத்தான் திரைக்குக் கீழே நழுவிவிடுகிறது என்பதையும் சோதித்துப் பாருங்கள்.

பார்வையற்றவர்களின் நிலை வேறு. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வாய்ஸ்ஓவர் 2009இல் ஐஃபோன் 3ஜிஎஸ்ஸில் வந்தது, அதே வேலையைச் செய்யும் டாக்பேக் அதே ஆண்டு ஆன்ட்ராய்டில் வந்தது. வழுவழுப்பான கண்ணாடிப் பலகையைப் பார்வையற்ற ஒருவர் பயன்படுத்த முடியும் என்பதை அதுவரை பலர் நம்பியிருக்கமாட்டார்கள். உங்கள் துறை செய்த மிகச் சிறந்த காரியங்களுள் இதையும் வைப்பேன். அதில் விரலை வலப்பக்கம் தள்ளத் தள்ள ஒவ்வொரு பொத்தானாகப் பெயர் ஒலிக்கும். எத்தனை தள்ளலில் எது வரும் என்பதே அவர்களுக்குத் திரையின் வரைபடம். நடுவில் நீங்கள் ஒரு புதுச் சின்னத்தை நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகின்றன. அவசரத்தில் அதற்குப் பெயர் வைக்கவும் மறந்துவிட்டால் காதில் விழுவது ‘பொத்தான்’ என்ற சொல் மட்டும்.

நீங்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல, தாமதமாகத்தான் அறிகிறீர்கள். 2013இல் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோது பொத்தான்களின் விளிம்புகள் மறைந்தன, வெறும் எழுத்தே பொத்தானாயிற்று. எது படிக்க, எது அழுத்த என்று தெரியவில்லை என்ற முணுமுணுப்புக்குப் பிறகு, 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பில் பொத்தான் வடிவங்களைக் காட்டும் தெரிவு சேர்ந்தது. 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 திரை முழுவதையும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும்படி ஆக்கியது. அடுத்து வந்த 26.1இல் கண்ணாடியைச் சற்று மங்கலாக்கும் தெரிவு சேர்ந்தது. முதலில் எல்லோருக்கும் மாற்றுவது, பிறகு குரல் எழுப்பியவர்களுக்கு மட்டும் மூலையில் ஒரு கதவைத் திறந்துவிடுவது. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த வரிசை மாறவேயில்லை. மாறாமல் இருக்க வேண்டியவற்றில் இது இல்லை என்பது என் கருத்து.

ஏன் இப்படி என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கருவிகளின் வெளித்தோற்றம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. எல்லாமே கறுப்புக் கண்ணாடிப் பலகை. புதிது என்று காட்ட மிஞ்சியிருப்பது திரைக்குள் உள்ளதுதான். போதாக்குறைக்கு, எத்தனை பேர் எதை எத்தனை முறை தட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்து வெற்றியை அளக்கிறீர்கள். வழி தெரியாமல் தடவுபவரும் நிறையத் தட்டத்தான் செய்வார்.

இப்போது இதை எழுதக் காரணம், அப்டேட்டுகளின் ஆயுள் நீண்டுகொண்டே போவது. தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழு ஆண்டுகள் என்று 2023இல் கூகுள் அறிவித்தது. 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் அவ்வாறே அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்பது விதி. நல்ல கருவியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை என்பதால் இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் 68 வயதில் ஒரு கைப்பேசியை வாங்குபவர் 75 வயதுவரை அதை வைத்திருப்பார். கண்ணும் விரலும் தளர்ந்துகொண்டே போகும் அந்த ஏழு ஆண்டுகளில், ஒரே கருவிக்குள் அவர் ஏழு புதுத் திரைகளைக் கற்க வேண்டிவரலாம். முன்பெல்லாம் பழைய கருவிக்கு அப்டேட் நின்றுவிடும். திரையாவது அப்படியே இருந்தது.

அப்டேட்டை நிறுத்திவைத்தால் போயிற்று என்று சொல்ல முடியாது. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்ட 2015இலிருந்து ஆன்ட்ராய்டுக்குத் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. பணப் பரிமாற்றமே கைப்பேசியில் நடக்கும் காலத்தில் அவற்றைத் தள்ளிப்போடுவது தவறு. ஆகவே கேட்பது இதுதான்: பாதுகாப்பையும் தோற்றத்தையும் பிரியுங்கள். முடியாத காரியம் அல்ல. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, 14லேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறும் தெரிவை ஆப்பிள் கொடுத்தது. 2022 ஜனவரியில் அந்தக் கதவை மூடிவிட்டு, அது தற்காலிக ஏற்பாடே என்றது. சில மாதங்கள் முடிந்தது சில ஆண்டுகள் ஏன் முடியாது? பழைய பதிப்பு ஒவ்வொன்றையும் தனியே பராமரிப்பது செலவு என்பீர்கள். முழு இயங்குதளத்துக்கும் அது உண்மையாக இருக்கலாம். நான் கேட்பது அழைப்புத் திரை ஒன்றை. அது ஒரு சில பொத்தான்கள்.

அந்த நான்கு செயல்களுக்கும் எண் பலகைக்கு இருப்பதுபோல் ஒரு பொதுத் தரநிலை வேண்டும். போட்டி நிறுவனங்கள் ஒன்றாக உட்கார்ந்து பச்சை எந்தப் பக்கம், சிவப்பு எந்தப் பக்கம், தட்டுவதா இழுப்பதா என்று முடிவு செய்யுங்கள். அதற்கு ஆண்டுகள் ஆகும் என்று தெரியும். அதுவரைக்கும் அழைப்புத் திரையை மாற்றும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: புதிய தோற்றம் வேண்டுமா, பழையதே இருக்கட்டுமா? இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கட்டும். புதியதைப் பளிச்சென்று நீலத்தில் வைத்துவிட்டு, பழையதற்குப் பதில் ‘பிறகு நினைவூட்டு’ என்று வெளிறிய சாம்பல் நிறத்தில் சிறிதாக எழுதி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்